சுவரில் வரைந்த யன்னல்

அன்புள்ள தவமலருக்கு,

நான் நல்ல சுகம். உமது முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே விபோர்க் நகருக்குப் பக்கத்தில், பழைய பிரபு ஒருவரின் மாளிகையில் இப்போது துப்புரவு வேலை. நேற்று யன்னல் துடைக்க ஏணியில் ஏறினேன். உள்ளே ஆள் இருந்தால் திடுக்கிடக்கூடாதென்று மெல்லத் தட்டினேன். கூட வேலை செய்யும் சுஜீதா கீழே நின்று சிரித்தாள்.

"அண்ணை, அது சுவர்! வீட்டின்ரை ரெண்டு பக்கமும் ஒரேமாதிரித் தெரியவேணுமெண்டு அந்தக் காலத்திலை யன்னலைக் கீறி வைச்சிருக்கினம்."

நானும் சிரித்தேன். பாதி இழுத்த திரைகூட வரைந்திருக்கிறார்கள். ஆனாலும் இறங்க மனம் வரவில்லை, இன்னொருமுறை தட்டினேன்.

கறித்தூள் முடிகிறது, இடித்து அனுப்பும். நீர் அனுப்பிய நம் வீட்டுப் படத்தில் யன்னலெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றையாவது திறந்து, அதில் நீர் நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்பும்.

பஸ் வருகிறது.

உமது
கருணைநாதன்