ஜன்னலோரப் படம்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், அதுதான் எப்போதும் என் நினைப்பு. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், அம்மாவும் அப்படியே என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை.

முதலில் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ஏழாம் வகுப்புக்குப் படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கற்றுத்தரும் பாடம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் படம் காட்டுகிறேன் என்று ஆசிரியர் அறையில் ஒரே கிண்டல், பண்ணிவிட்டுப் போகட்டும். போன வாரம் செய்தித்தாள் படம் ஒன்றைப் பாதியாக மடித்துக் காட்டினேன், ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். அடிக்கப் போறான் சார் என்று வகுப்பே கத்தியது. மறுபாதியை விரித்தால் அங்கே பந்து வருகிறது. என்ன தெரிகிறது, எதை வைத்துச் சொல்கிறாய், இந்த இரண்டு கேள்விதான் பாடமே. இப்போது அந்த வாண்டுகள் பற்பசை விளம்பரத்தைக்கூடச் சும்மா விடுவதில்லை.

அந்தக் கேள்விகளை வீட்டிலும் கேட்க எனக்கு ஏன்தான் தோன்றியதோ. அம்மாவுக்கு மறதி கூடுகிறது என்று போனில் சொன்னேன் இல்லையா, நான் சொன்னது கொஞ்சம்தான் அம்மாடி. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொன்னாரே என்று, நீ அனுப்பிய உன் படத்தை நேற்று சாயந்திரம் அவள் கையில் கொடுத்து என்ன தெரியுது சொல்லு என்றேன். ஒரு பொண்ணு ஜன்னல்கிட்ட நிக்குது, சிரிக்குது, ஆனா சந்தோஷமா இல்லங்க என்றாள். எதை வச்சுச் சொல்றே என்றேன். வாய்தான் சிரிக்குது, கண்ணு அழுதிருக்கு, மேஜையில ஒரே ஒரு கப்பு, சாப்பிட்டியான்னு கேக்க ஆள் இல்ல போல என்றாள். நானோ அதைச் சட்டம் போட்டு மாட்ட இருந்தேன், எனக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை. பாராட்ட வாயெடுத்தேன், அதற்குள், பாவங்க, இவளுக்கு அம்மா இல்லையா என்று கேட்டுவிட்டாள்.

இருக்காங்க என்று மட்டும் சொன்னேன். அப்ப அவங்க அம்மாகிட்ட வந்து நாலு நாள் இருக்கச் சொல்லி எழுதுங்க என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். நீ அழுதாயா என்று கேட்கப் போவதில்லை, வந்து சொல். லீவு வரட்டும் என்று தள்ளிப்போடாதே கண்ணு, என்னால் தனியாகத் தாங்க முடியவில்லை. வந்ததும் நான்தாம்மா உன் பொண்ணு என்று கட்டிப்பிடித்து அழாதே, மிரண்டுபோவாள். பக்கத்தில் உட்கார், அவளாகப் பேசுவாள்.

அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும் என்று இன்று காலையிலும் சொன்னாள். அது உனக்கான ஆசீர்வாதம்தான், என்னுடையதையும் சேர்த்து வாங்கிக்கொள்.

மறக்காமல் அந்தப் படத்தில் போட்டிருக்கிற பச்சை ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு வா. மகள் என்று தெரியாவிட்டாலும், அந்தப் பொண்ணு வந்துட்டா என்றாவது சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா