நடுங்கும் நாய்

பாரீஸ், 3 மார்ச் 1910

அன்பு ஃபிர்மென்,

உடம்பு தேறியதா? நாம் தாள் தாளாக வரைந்த படம் ஓடுகிறது. சமையல்காரன் பின்னால் உன் நாய் ஓடி வந்ததும் கொட்டகையே சிரித்தது. எனக்குப் பின்னால் ஒருத்தி, "ஐயோ பாவம், குளிர்ல எப்படி வெடவெடன்னு நடுங்குது பாருங்களேன்!" என்றாள். என் சமையல்காரனை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நானூறு தாள் வரைந்தவன் நான்! உன் கோணல்மாணல் நாய்க்குக் கைதட்டலா? எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

அன்செல்ம்

ஒசேர், 11 மார்ச்

அன்செல்ம்,

உன் கடிதத்தை ஐந்து முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். என்னைப் பார்த்து நீ பொறாமைப்படுகிறாயா! உன் நேர்கோட்டைப் பார்த்து நான் வெந்தது உனக்குத் தெரியாது. உன் சமையல்காரன் இஸ்திரி போட்ட மாதிரி நடக்கிறான், யார் சிரிப்பார்கள்? நாய்த் தாள்களைப் பத்திரமாக வை. எழுதுவது என் தங்கை ஒதீல், நான் சோம்பேறி.

ஃபிர்மென்

பாரீஸ், 2 மே

ஃபிர்மென்,

திட்டாதே. படச்சுருள் கீறிப்போய், முதலாளி மறுபடி எடுக்கச் சொன்னார். உன் தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தில் கோடுகளை நேராக்கி நகல் எடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டும். நாய் அழகாக நடந்தது.

நேற்று ஞாயிறு மதியக் காட்சி. ஒரு சிரிப்பில்லை. நாய் திரையில் இருக்கும்போதே ஒரு சிறுமி, "அப்பா, அந்த நாய் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

முதலாளி பழைய நாயைக் கேட்கிறார். உன் தாள்களை அடுப்பில் போட்டுவிட்டேன். பொறாமைதான், வேறென்ன. மறுபடி வரைந்து அனுப்பு.

அன்செல்ம்

ஒசேர், 9 மே

அன்செல்ம்,

அந்த நடுக்கம் நான் வரைந்ததில்லை. மழைக்காலத்திலிருந்தே என் கை ஆடுகிறது. சொன்னால் நாயையும் நீயே வரைந்துவிடுவாய் என்று மறைத்தேன். இப்போது ஒதீல்தான் சூப் ஊட்டிவிடுகிறாள். நான் கடைசியாக வரைந்தது அந்த நாய். இனி எனக்கு எழுதாதே.

ஃபிர்மென்

பாரீஸ், 20 மே

ஃபிர்மென்,

நீ சொன்னாலும் எழுதுகிறேன். ஜன்னல் காற்றில் அடிக்காமலிருக்க ஒரு தாளை மடித்துச் செருகியிருந்தேன். எடுத்துப் பார்த்தால், அடுப்புக்குத் தப்பிய உன் எண்பத்தேழாம் தாள்! நாய் ஒரு காலைத் தூக்கி நிற்கிறது. நான்கு நாளாக அதைப் பார்த்து அடுத்ததை வரையப் பார்க்கிறேன். என் கை நடுங்க மாட்டேன் என்கிறது. இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஒற்றைத் தாளில் உன் நாய் நடுங்கவில்லை. அது நடுங்க இன்னொரு தாள் வேண்டும். இதை அனுப்புகிறேன், உன்னிடமே இருக்கட்டும்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத
அன்செல்ம்

ஒசேர், 14 ஜூன்

அன்செல்ம்,

எண்பத்தேழையும் எண்பத்தெட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். இரண்டாவதை முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அதில் இருப்பது காலா வாலா என்று கேட்காதே. இரண்டையும் ஜன்னலில் வைத்து மாற்றி மாற்றிப் பார். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே.

நன்றாக வயிறு எரியட்டும் உனக்கு.

ஃபிர்மென்
(இந்தக் கிறுக்கல் என் கையெழுத்துதான்.)