பாலம் கடக்கும் கழுதை

அன்புள்ள மெற்றில்டா,

நான் சுகம். உமக்கும் மகளுக்கும் இருமல் விட்டதா?

இந்த ஜேர்மன் பண்ணையில் வேலி திருத்துகிறோம். கம்பியையும் சுத்தியலையும் இருபக்கமும் பாரம் சரிபார்த்துக் கழுதையில் கட்டுவது என் வேலை. எங்கள் மன்னாரில் கழுதை நிறைய என்று நான் சொன்னதால் இதைத் தந்தார்கள். அவை தெருவில் சும்மா படுத்துக் கிடப்பவை என்று நான் சொல்லவில்லை.

நேற்று கழுதையைப் பாலம்வரை நடத்திப் போனேன். அக்கரை வேறு மாவட்டம். அகதி வழக்கு முடியும்வரை நான் இந்த மாவட்டத்துக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. "நீ நில், அது போகும்" என்றார் பண்ணைக்காரர். அக்கரையில் வேலி கட்டுபவர்களிடம் கழுதை தன்பாட்டில் கடந்து போனது. சிரித்தேன். பிறகு ஓரிடத்தில் நிற்க ஏலாமல் கரையில் மேலும் கீழும் நடந்தேன்.

மகளின் படத்தை டோர்ட்மண்டில் இருக்கும் லோறன்ஸ் அண்ணைக்கு அனுப்பாதேயும், அங்கும் எனக்குப் போய் வாங்க ஏலாது. எனக்கே தபாலில் போடும்.

இன்றும் பாலத்தடியில் இருந்தே எழுதுகிறேன். கழுதை திரும்பி வருகிறது, பிடிக்க வேண்டும். அதை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

உமது,
டெஸ்மன்