செராக்ஸில் விழாத கோடுகள்

மார்ச் 3, திங்கள்

சுண்டு, இந்த நோட்டு நீ வாங்கி வைத்தது. அட்டையில் இன்னும் பெயர்கூட எழுதவில்லை. சும்மா கிடக்கிறதே என்று எடுத்தேன். அஞ்சாவது படித்தவள் எழுத்து இப்படித்தான் இருக்கும். சிரிக்காதே.

இன்றைக்கும் கோகிலா வந்தாள். பத்து நாளில் இது மூன்றாவது தடவை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளேயும் வராமல் போகவும் போகாமல் நின்றாள்.

"அத்தை, சுஜிதாவோட நோட்டு ஒன்னே ஒன்னு கொடுங்க. பரீட்சை முடிஞ்சதும் கொண்டாந்து கொடுத்தர்றேனுங்க."

எந்த நோட்டு என்று தெரியாத மாதிரிக் கேட்டேன். எனக்குத் தெரியாதா? 'மின்னியலும் காந்தவியலும்' என்று நீ பட்டையாக எழுதி வைத்தது. நீ போய் மூன்றாம் வாரம் அந்தப் பரீட்சை வந்தது. இவள் மட்டும் போய் எழுதினாள். பெயில். இப்போது மறுபடி எழுத வேண்டுமாம். அதற்கு நான் என்ன செய்ய? ஒரே வகுப்புத்தானே, இவளிடம் நோட்டு இல்லையா?

"வகுப்புல எழுதுனது அரையும் குறையுமா இருக்குதுங்க. பஸ்ஸுல சுஜிதா படிச்சுச் சொல்லுவா. எனக்குத்தான் தலை சுத்துமே, கண்ணை மூடிட்டுக் கேட்டுக்குவேன்."

முடியாது என்றேன்.

மார்ச் 4

மலைப்பாதையின் எழுபது வளைவுக்கும் வாந்தி எடுக்கிறவளுக்குக் கீழே போய் என்ன படிப்பு?

மார்ச் 9, ஞாயிறு

உன் அப்பா சொல்கிறார்: "கொடுத்தா என்ன, தேஞ்சா போயிரும்?"

ஆமாம், தேய்ந்துதான் போகும். எழுத்தும் வட்டமும் பேனா, கோடெல்லாம் பென்சில். விரல் பட்டால் போயிற்று. இதைச் சொன்னதும் மிளகுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அவருக்கு எல்லாம் லேசு.

அவர் போன பிறகு நோட்டைப் பிரித்தேன். இரண்டு வட்டம். ஒன்றுக்குள் கூட்டல், ஒன்றுக்குள் கழித்தல். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வளைந்து வளைந்து கோடு. பக்கம் பக்கமாக இதே. இதற்கா இருட்டோடு எழுந்து பஸ்ஸுக்கு ஓடினாய்? கரண்டைப் படிக்கிற பிள்ளை என்று பெருமையாக நினைத்து, வீட்டு பல்பு எரியவில்லை என்று சொன்னால், "அதுக்கு ஒயர்மேனைக் கூப்புடும்மா, இது வேற" என்பாய். என்ன வேறயோ.

வாசலில் காயப்போட்ட சாமை நனைகிறது வாடி என்று கத்தினால், "ஒரே ஒரு கோடும்மா" என்பாய். நோட்டோடு சேர்த்து உன்னையும் திட்டுவேன்.

மார்ச் 13

மறுபடி கோகிலா. இந்தத் தடவையும் பெயில் ஆனால் படித்தது போதும் என்று அவள் அப்பன் சொல்லிவிட்டானாம். "அக்கா கூடத் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போன்னுட்டாருங்க."

அழவில்லை. அழுதிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.

"செராக்ஸாவது எடுத்துக்கறேனுங்க."

நீ ஒன்றும் எடுக்க வேண்டாம், நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் சும்மா இருக்கிறதா?

மார்ச் 17, திங்கள்

செம்மேட்டில் தனபாலின் செராக்ஸ் கடை. ஒரு பக்கம் எடுத்ததும் நிறுத்தினான். "பென்சிலு ரொம்ப லேசுங்க. பேனா மட்டுந்தான் விழுகுது." கறுப்பை ஏற்றினால் தாள் முழுக்கப் புகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஏற்றாமலே எல்லாப் பக்கமும் எடுத்தான். பேனாவால் போட்ட வட்டங்கள் மட்டும் நிற்கின்றன. ஒரு கோடு இல்லை.

"ஏனுங்க, இதை வெச்சு என்ன பண்றது?"

"நீங்களே இழுத்து விடுங்க. கோலம் போடற கைதானே?"

கிண்டல். பஸ்ஸில் மடியில் இரண்டு கட்டு — கோடு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று.

மார்ச் 20

உன் பெட்டியிலிருந்து பென்சில் எடுத்துச் சீவினேன். கோலம் போடற கைதான். அவனுக்கென்ன!

மார்ச் 26

முப்பத்தொரு படம் முடிந்தது. கழுத்து ஒடிகிறது. ஓர் இடத்தில் கண்ணே தெரியவில்லை, சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்துப் போட்டேன்.

ஒரு படம் எனக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டு வட்டத்திலும் கூட்டல். இதன் கோடு அந்தப் பக்கமும் அதன் கோடு இந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டு, வரப்புத் தகராறு வந்த பங்காளி மாதிரி. நடுவில் வெறும் வெள்ளை. நீ மறந்துவிட்டாய் போல என்று நானே சேர்த்துவிட்டேன். இரண்டையும் சுற்றிப் பின்னிப் போட்டேன். பார்க்க நன்றாக இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

கோகிலா வந்தாள். நான் கொடுத்த தாளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அந்தப் படத்தில் நின்றாள். வாயைப் பொத்தினாள்.

"அய்யோ அத்தை! ரெண்டும் பிளஸ்ஸுங்க. ரெண்டும் ஒன்னையொன்னு தள்ளும். சேரவே சேராதுங்க."

"சேர்த்தா என்ன இப்ப?"

"கோடு ஒன்னையொன்னு வெட்டவும் கூடாதுங்க. நீங்க நாலு எடத்துல வெட்டி வெச்சிருக்கறீங்க! இதை எழுதுனா சார் என்னைய மலையிலிருந்து தள்ளிருவாரு."

ஒரு வாரம் கழுத்து ஒடியப் போட்டது. இவளுக்குச் சிரிப்பு! தாளைப் பிடுங்கினேன். "போடி, உனக்கு நோட்டும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம்."

சிரிப்பு நின்றது. மெல்லச் சொன்னாள்: "சுஜிதா பாத்திருந்தா உருண்டு உருண்டு சிரிச்சிருப்பா அத்தை."

உருண்டிருப்பாய். ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது சுண்டு. அஞ்சு மாசத்துல மொதத் தடவை. அப்பறம் — அப்பறம் நிறுத்த முடியல. அவ வந்து முதுகத் தடவிக் கொடுத்தா.

ஏப்ரல் 3

என் படத்தை நம்பினால் அந்தப் பிள்ளை திருப்பூர்தான்.

ஏப்ரல் 4

நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எச்சில் தொட்டுப் புரட்டாதே. படத்தின் மேல் விரல் வைக்காதே. பஸ்ஸில் எடுக்கவே எடுக்காதே. ஒவ்வொன்றுக்கும் "சரிங்க அத்தை", "சரிங்க அத்தை." சரி என்று சொல்வதற்கு என்ன, நீயும்தான் சொல்வாய்.

என் தாள் என்னிடமே இருக்கிறது.

ஏப்ரல் 15

காலையில் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். நோட்டை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்தாள், விட்ட இடத்திலிருந்து மறுபடி உதட்டை அசைத்தாள். பக்கத்து சீட்டு காலி. நான் போய் உட்காரவில்லை.

ஏப்ரல் 22

இன்றைக்குப் பரீட்சை. பஸ் மலை இறங்குகிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

நோட்டு வந்துவிட்டது. செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஒரு கோடு கலையவில்லை.

"அந்த ரெண்டு பிளஸ் படம் வந்துச்சுங்க அத்தை. உங்க படம் ஞாபகம் வந்து ஹால்லயே சிரிச்சுட்டேன். சரியாப் போட்டேனுங்க. பாஸ் ஆயிருவேனுங்க."

காபி குடித்தாள். கிளம்பும்போது கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கூட்டலிலிருந்து எட்டுக் கோடு. ஏழு கோடு கழித்தலில் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்று பாதியில் நிற்கிறது.

"அது எங்க போய்ச் சேரணும்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா நான் தொடலீங்க."

அவள் போனதும் என் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் கவனிக்காமல் அந்தக் கோட்டையும் இழுத்து முடித்திருக்கிறேன். அழிப்பான் எடுத்து அழித்தேன். உன்னுடையது எங்கே நிற்கிறதோ அங்கேயே நிறுத்தினேன்.

மூலையில் தேதி போட்டிருக்கிறாய். அக்டோபர் 14. மறுநாள்தான் காய்ச்சல் என்று படுத்தாய். எழவே இல்லை. முதல்நாள் என்ன நடந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். சாயங்காலம் மழை பிடித்தது. வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அள்ளினோம். அதற்கு முன்னால் என்ன பேசினோம் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரல.

அன்னைக்கும் 'ஒரே ஒரு கோடும்மா'ன்னு கேட்டியா சுண்டு? நான் முடிக்க விடலையா?