அழித்தாலும் திரும்பி வருகிறது

அத்-பாஷி
அக்டோபர் 9

ஜிபாருக்கு,

மகளோடு இனிப் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் வேன் ஓட்டும் சமானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கல்யாணத்துக்கு முன் நீ கம்ப்யூட்டரில் மாட்டித் தந்த எஸ்.எஸ்.டி. வட்டு கெட்டுவிட்டது. எதை அழித்தாலும், அணைத்துப் போட்டால் திரும்பி வருகிறது. புதிதாக எழுதியது காணாமல் போகிறது. கேபிளை மாற்றினேன். பழைய ஹார்டு டிஸ்குக்குச் செய்வதுபோல் உறைபனியில் வைத்தும் பார்த்தேன். நானாகக் கற்றவன்தான், அதற்காக ஒன்றும் தெரியாதவன் இல்லை.

குதிரையில் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிய நம் வம்ச வரலாறு முழுக்க அதில்தான். அதில் ஏற்றி முடித்ததும் தாள்களை அடுப்பில் போட்டுவிட்டேன். என்ன செய்வது என்று மட்டும் எழுது. வேறொன்றும் வேண்டாம்.

ஷர்ஷென்


பிஷ்கெக்
அக்டோபர் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

சலாம். வேறொன்றும் வேண்டாம் என்பதால் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்கவில்லை.

அது தேய்ந்துவிட்டது, அப்பா. ஆயுள் முடியும்போது சில எஸ்.எஸ்.டி. தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். உள்ளதைப் படிக்கலாம்; சேர்க்கவோ அழிக்கவோ முடியாது. ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் அது ஒரேயடியாகப் போய்விடலாம். பனி வைத்தியம் இதற்கு ஆகாது. கழற்றிச் சமானிடம் அனுப்புங்கள். நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் கடையில் நகல் எடுக்கிறேன்.

அப்படி எதை அழிக்கப் பார்க்கிறீர்கள்?

உங்கள் ஜிபார்


அத்-பாஷி
அக்டோபர் 20

ஜிபாருக்கு,

உன் பெயரில் இருக்கும் படங்களின் ஃபோல்டரை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

புருஷன் வீட்டிலிருந்து நீ பெட்டியோடு வெளியேறிய அன்று, சம்பந்தி ஊர் பார்க்க வந்து, "பொண்ணு வளத்த லட்சணம் இதுதானா, ஷர்ஷென்?" என்றார். கல் விழுந்த இடத்தில்தான் கனக்கும், பெண்ணுக்குப் போன வீட்டில்தான் மதிப்பு என்று சொல்லித்தானே உன்னை அனுப்பினேன்?

உன் கடிதத்துக்குப் பிறகும் அழித்து, அணைத்துப் பார்த்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "ஒருத்தியத் தொரத்த ஏழு தலமொறையயும் பணயம் வெக்கிறீங்களே, பித்தா பிடிச்சிருக்கு?" நேற்று அது திறக்கவே இல்லை. வெறும் கறுப்புத் திரை.

களைத்துவிட்டேன். அனுப்பியிருக்கிறேன். சமான் வேறு, "என்ன பெரியவரே, கைக்கொழந்தையக் குடுக்கிற மாதிரி குடுக்கிறீங்க?" என்று சிரிக்கிறான்.

வம்சத்தை மட்டும் எடு.

ஷர்ஷென்


பிஷ்கெக்
நவம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

கம்ப்யூட்டரோடு சேர்க்காமல் மின்சாரம் மட்டும் கொடுத்து விட்டுவைத்தேன். பல நாள் வீண். கடை முதலாளி, "செத்த குதிரைக்கு ஏம்மா புல்லு போடுற?" என்றார். பிறகு ஒருமுறை கண் திறந்தது. வம்சத்தை முதலில் எடுத்தேன். மூச்சு மிச்சம் இருந்ததால் மற்றதையும் எடுத்தேன். அதோடு அது முடிந்தது.

எல்லாம் இந்தப் புதிய வட்டில் இருக்கிறது, என் ஃபோல்டரும்தான். இதில் அழித்தால் அழியும், திரும்பி வராது. உங்களுக்காக நான் அழித்துத் தரமாட்டேன். அந்தப் புருஷன் வீட்டுக்கும் திரும்பமாட்டேன்.

உங்கள் ஜிபார்


அத்-பாஷி
நவம்பர் 15

ஜிபாருக்கு,

வந்து சேர்ந்தது. பாட்டன்மார் எல்லாரும் இருக்கிறார்கள், ஒருவர் பெயரில் நான் விட்ட பிழையோடு. திருத்தி, அணைத்துப் போட்டேன். திருத்தம் நின்றது.

அழிக்கிறதா என்றும் பார்க்கவேண்டுமே. பக்கத்து வீட்டுக்காரனின் செம்மறிக் கிடா படம் ஒன்று கிடந்தது. அழித்தேன். திரும்பி வரவில்லை. வட்டு நன்றாக வேலை செய்கிறது. வேறெதிலும் சோதிக்கவில்லை.

நீ செய்தது தப்புதான். அதில் மாற்றமில்லை.

குளிர்காலத்துக்குக் குதிரை அறுக்கிறோம். உன் பங்கு இறைச்சி சமானிடம் வரும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

அப்பா