அண்ணே, உங்கள் பேட்டியில் நான் வெட்டிய பகுதி

என் பிரியமான அண்ணே,

நேற்று, செவ்வாய்க்கிழமை, உறுதியானது இது: வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலுள்ள மேட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது. ஒரு கை நுழையும் அகலம். மண்சரிவு பார்க்க வந்த அதிகாரி நாடா பிடித்து அளந்து என்னிடம் சொன்னார்.

மேட்டின் அடியில் லயத்துக்காரர்கள் குழி தோண்டியிருக்கிறார்கள், எண்ணெய்க்காக. லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயிலிருந்து விழும் தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்ததாம். முதலில் கண்டது அண்ணிதான். நீங்கள் கண்மூடி நான்கு வருஷமாகியும், நான் பத்திரிகையில் போட்ட உங்கள் பேட்டி சாமிப் படத்துக்குப் பக்கத்தில்தான் ஒட்டியிருக்கிறது.

"எண்ணெய் இருக்கிற எடத்துல தண்ணி மேல வானவில் படரும்னு ஒங்கண்ணன் சொன்னது பொய்யா தம்பி? நீங்கதானே எழுதுனீங்க," என்றார் அண்ணி.

"எண்ணெய் வந்தா ஒங்களுக்கும் ஒரு போத்தல் தர்றோம்," என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் சிரித்தார்.

வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு துளையிடும் வேலையிலிருந்து லீவில் வந்திருந்த நீங்கள் அன்று பேட்டியில் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா நம்ம மலைக்கு இது பொருந்தாது தம்பி. எண்ணெய்க்குக் கடல் சேறு அடுக்கடுக்கா புதையணும். ஊறி மேல வர்றத, கவுத்த சட்டி மாதிரி ஒரு கல்லு மறிச்சு நிறுத்தணும். மன்னார் கடலுக்கு அடியில நெலம் பிளந்து பள்ளமாகி, சேறு நெறஞ்சுச்சு. அங்க காஸ் இருக்கு. நம்ம கல்லு ஆழத்துல வெந்து இறுகுனது. இதுல ஒண்ணும் ஊறாது."

இடமில்லை என்று அந்தப் பகுதியை வெட்டியவன் நான்.

படலத்தைக் குச்சியால் கிளறினேன். தகடு தகடாய் உடைந்தது, திரும்பச் சேரவில்லை. எண்ணெய் என்றால் சேர்ந்துகொள்ளும். இரும்புக் கறையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இன்று காலை பீலித் தண்ணீர் செந்நிறமாய்க் கலங்கி வருகிறது. மேட்டுக்குள் மண் கரைகிறதா அண்ணே? குழியை மூடச் சொன்னால், "அவரு வாக்க மூடவா?" என்கிறார் அண்ணி.

நீங்கள் சொன்னது முழுவதும் என் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. இன்று பின்னேரம் லயத்து வாசலில் நின்று அதை வாசிப்பேன். அண்ணியும் உங்கள் மகளும் மற்றவர்களும் எதிர்ப்பக்க மேட்டில், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறாமல் நான் ஹட்டன் பஸ்ஸில் ஏற மாட்டேன்.

லயத்தை விட்டு எல்லாரையும் மாற்ற வேண்டுமா என்ற அறிக்கை வெள்ளிக்கிழமை வருமாம். மழை நாளைக்கே என்கிறார்கள்.

உங்களுக்குப் பின் பிறந்த ஒரே தம்பி