பின்னல்காரி பேசுவாளா?

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் அக்கா வீட்டாரும் சுகம், என் இடது முட்டி மட்டும் வழக்கம்போல என் பேச்சைக் கேட்பதில்லை, நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டு நாளாகிவிட்டதால்தான் இந்தக் கடிதம். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மடிக்கத்தான் முடியும், மடித்தாலும் உள்ளே நான் பேசிக்கொண்டுதான் இருப்பேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் ஒரு மாடிக் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் வந்தது, உள்ளே செம்புக் கம்பிச் சுற்று மொத்தமும் கரிக்கட்டை, வாட்ச்மேன் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார், தொட்டி காலியாகி மோட்டார் சும்மா சுற்றி எரிந்திருக்கிறது. பிரித்துப் பார்த்த உடனே சொன்னேன், அவர் இல்லவே இல்லை என்று சாதித்தார், சாதிக்கட்டும், எரிந்த கம்பி பொய் சொல்லாது. உன் அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது உன் தொடரைத்தான், பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "பாவம் பிள்ள, இந்தக் குளிர்ல வெறுங்காலோட நிக்குது, செத்தவளா நடிச்சாலும் சளி பிடிக்காதா?" என்பதுதான். எத்தனை சீசன் போனாலும் அவளுக்கு அது ஜாம்பித் தொடர் இல்லை, நீ காலுறை போடாத தொடர்.

நீ உன் தொடரைப் பார்ப்பதில்லை என்று ஒருமுறை சொன்னாய், வேலை செய்கிற இடத்தை வீட்டுக்கு எதற்குக் கொண்டுவர வேண்டும் என்றாய். அதனால் இங்கே அது எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன் கேள். சனிக்கிழமை சாயங்காலம் நம் தெருமுனைச் சலூனில் இடம் கிடைக்காது. டிவியைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிறார், எதிர்ச் சுவரிலும் கண்ணாடி இருப்பதால் ஒரு ஜாம்பி வந்தால் கடை முழுக்க ஜாம்பி. நாற்காலியில் நுரையோடு உட்கார்ந்திருப்பவன் தலையைத் திருப்பக் கூடாது என்பது சலூன்காரர் சட்டம். ஆனால் உயிரோடு மிஞ்சியவர்கள் கட்டிய வேலிக்கு வெளியே நீ பாதி அவிழ்ந்த பின்னலோடு வந்து நின்றால் அவர் கத்தியே அந்தரத்தில் நின்றுவிடும். உன்னை இங்கே எல்லாரும் பின்னல்காரி என்றுதான் சொல்கிறார்கள், உலகம் முழுக்கவே ரசிகர்கள் அப்படித்தான் சொல்கிறார்களாம், சலூன்காரரின் மகள், அதான் அந்த நர்ஸ், அவள் ஒரு ரசிகர் குழு நடத்துகிறாள், அவள் சொன்னது. லாரியின் ஹாரன் அடித்ததும் மற்றப் பிணங்கள் எல்லாம் சத்தத்தைப் பார்த்து ஓட, நீ மட்டும் வெடுக்கென்று மறுபக்கம் திரும்பினாயே, அந்த ஒரு திரும்பலை வைத்து அவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பின்னல்காரிக்கு நினைவு திரும்புகிறதாம், லாரி ஓட்டும் அந்தக் கதாநாயகியை அவளுக்கு உயிரோடு இருந்தபோதே தெரியுமாம், அதனால் முகத்தைக் காட்ட வெட்கப்படுகிறாளாம். படப்பிடிப்பில் உன்னைக் குளவி கொட்டியதால் திரும்பினாய் என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். அதை இன்றுவரை நான் வாயைத் திறந்து ஒருவரிடமும் சொன்னதில்லை. ரகசியம் காக்கத் தெரியாதவன் என்று என்னைச் சொன்னாயே, இதையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்.

தொடர் இந்த வருஷத்தோடு முடிகிறது என்று அறிவித்த நாளிலிருந்து எப்படி முடியும் என்பதுதான் இங்கே ஒரே பேச்சு. மருந்துக்கடைக்காரர் மருந்துக் கட்சி, தொடரில் வரும் டாக்டர் கண்டுபிடிக்கும் ஊசியில் எல்லாரும் பிழைப்பார்கள் என்கிறார், வேறு என்ன சொல்வார், நாளைக்கே அந்த ஊசியைத் தன் கடை அலமாரியில் அடுக்குகிறவர் மாதிரிதான் பேசுவார். சலூன்காரர் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள் என்கிறார், வேலி விழும், விளக்கு அணையும், அவ்வளவுதான். நர்ஸ் சொல்வது, வேலிக்கு உள்ளே இருப்பவர்கள்தான் உண்மையில் செத்தவர்கள் என்று கடைசியில் தெரியவருமாம், அது எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, ஆனால் அவள் சொல்லும்போது மயிர்க்கூச்செறிகிறது. என் கருத்து வேறு. இத்தனை வருஷம் ஓடிய தொடரில் முதன்முதலில் செத்து எழுந்தது யார் என்று காட்டவே இல்லை. எங்கே முதலில் கம்பி எரிந்தது என்று தெரியாமல் எந்த மோட்டாரையும் நான் கட்டிக் கொடுத்ததில்லை. அந்த முதல் ஆள் நீதான் என்பது என் முடிவு. இது நீ சொல்லி நான் தெரிந்துகொண்டது இல்லை, அதையும் குறித்துக்கொள்.

இப்போது அந்த விவகாரத்துக்கு வருகிறேன். அன்று சலூனில் மருந்துக்கடைக்காரர் எல்லார் முன்னாலும், "என்ன பெரியவரே, உங்க பொண்ணு இந்த வாரமும் செத்துதான் இருக்கா? இத்தனை வருஷத்துல 'ஐயோ'ன்னு ஒரு வார்த்தை கத்தவாவது விட்டாங்களா?" என்றார். கடையே சிரித்தது. நீ நடிக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது நானும் இதைத்தான் கேட்டேன், நான் கேட்கலாம், நான் பெற்றவன், இவர் யார்? "கடைசிக் காட்சி வரைக்கும் இருப்பா, அதுல பேசவும் பேசுவா, அன்னைக்கு உன் மாத்திரை டப்பாவை மூடிட்டு வந்து பாருய்யா" என்றேன். எப்படித் தெரியும் என்றார். நீ அம்மாவிடம் போனில், கடைசி நாள் வரை முடியை வெட்டக் கூடாது என்கிறார்கள், தலை அரிக்கிறது என்று அலுத்துக்கொண்டதை வைத்துச் சொன்னேன், நடுவில் சாகப்போகிறவள் முடியை எவன் கடைசி நாள் வரை காப்பாற்றுவான், கடைசியிலும் சும்மா நிற்கிற பிணத்துக்கு எதற்கு இத்தனை பத்திரம் என்று. இதில் நீ சொன்னது முடி மட்டும், மீதி என் மூளை. நீ சொன்னதை நான் சொல்லவில்லை, நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். நர்ஸ் அதைக் குழுவில் போடுவாள், பின்னல்காரி பேசுவாள் என்று அது நாடு நாடாகச் சுற்றும் என்று நான் கனவா கண்டேன்?

நீ அழைத்துச் சொன்னது ஒவ்வொன்றும் காதில் நிற்கிறது. தொடர் எடுக்கிற கம்பெனி ஆபீஸில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள் என்றாய். "வெளியே தெரிஞ்சுபோன முடிவை எடுக்க மாட்டாங்கப்பா, மாத்தி எழுதுவாங்க, என்னைத் தூக்கிடுவாங்க. இவ்வளவு நாள் சேத்துல கிடந்ததுக்கு எனக்குக் கிடைச்சது அந்த ஒரு காட்சிதான்" என்றாய். பிறகு நீ அழுதாயா, கோபமா, போன் வைத்த சத்தம்தான் கேட்டது. ஆத்திரத்தில் நீயே என் கண்டுபிடிப்புக்கு முத்திரை குத்திவிட்டாய் என்பதை அப்போதே கவனித்தேன். ஆனால் அன்று அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உன் அக்கா வந்து, "மோட்டாருக்கெல்லாம் சுவிட்ச் வைக்கிறீங்க, உங்க வாய்க்கு ஒண்ணு வெச்சிருக்கலாம்பா" என்றாள். உன் அம்மா இரண்டு நாள் தட்டை மட்டும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை சலூனுக்கு நேரத்தோடு போனேன். எல்லாரும் வந்து உட்காரட்டும் என்று காத்திருந்தேன், மருந்துக்கடைக்காரர் வரும்வரை குறிப்பாகக் காத்திருந்தேன். எழுந்து நின்று, நான் போன வாரம் சொன்னது தப்பு என்றேன். முடி விஷயம் நானாகக் கட்டிவிட்டது, என் பொண்ணு முடியை எப்போதோ வெட்டிவிட்டாள், இப்போது தலையில் இருப்பது சவுரி, அவளுக்கு வசனமும் இல்லை ஒன்றும் இல்லை, பெருமைக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். நர்ஸ் நம்பவில்லை, அத்தாட்சி கேட்டாள். அப்போது உன் அம்மா சலூன் வாசலுக்கு வந்தாள், அந்தக் கடைப் பக்கம் அவள் வந்து நான் பார்த்ததே இல்லை, போனை எடுத்து நீட்டினாள், பல வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்து நீ முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட காலத்துப் படம். "இது போன வாரம் அனுப்பினது" என்றாள், கண் இமைக்காமல். கோழி திருடியவன்கூட இவ்வளவு நிதானமாக நிற்க மாட்டான். நர்ஸ் அதைப் பார்த்தாள், குழுவில் எழுதினாள், பின்னல்காரி கதை அன்றோடு படுத்துவிட்டது.

மருந்துக்கடைக்காரர் சிரிப்பார் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரித்திருந்தால் பரவாயில்லை. என் தோளில் கையை வைத்து, "விடுங்க பெரியவரே, பெத்த மனசு, ஆசைப்பட்டுட்டீங்க" என்றார். எனக்காகத் தன் நாற்காலியை விட்டுக் கொடுத்தார். அதில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் யார் இரக்கத்திலும் உட்காராதவன் அதில் உட்கார்ந்து அந்தப் பாகம் முழுவதையும் பார்த்தேன், நீ வேலி ஓரமாக வந்து நின்றாய், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்காகச் சொல்லாமல் இருந்தார்கள். இப்போது வாராவாரம் அவர் ஊசி மருந்தின் மகிமையைப் பேசுகிறார், நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரே மருந்துக் கட்சிக்குப் போய்விட்டது. உங்கள் ஆபீஸ்காரர்களும் இந்தக் குழுக்களைப் படிப்பார்கள்தானே, படிக்காமலா குளவி கொட்டிய அந்தத் திரும்பலுக்குப் பிறகு உன்னை இத்தனை சீசன் வைத்திருந்தார்கள். அவர்களிடம் காட்டு, யாரும் இப்போது அதை நம்பவில்லை என்று சொல். நான் சொன்னது தப்பு என்று உலகமே சொல்கிறது, இதைவிட வேறு என்ன வேண்டும் அவர்களுக்கு?

சலூன்காரர் மட்டும் ஏமாறவில்லை. முடி வெட்டும்போது காதுப் பக்கம் குனிந்து, "எத்தனை வருஷமா இந்தத் தலையைப் பிடிச்சிருக்கேன், தப்புன்னு ஒத்துக்கிற தலையாங்க இது?" என்றார். நான் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை, வெளியே சொல்லவும் மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, பொதுவாகக் கேட்கிற மாதிரி, இத்தனை காலம் செத்துக் கிடந்த ஒருத்தி வாயைத் திறந்தால் முதலில் என்ன சொல்வாள் என்று அவரைக் கேட்டேன். தண்ணி கேட்பாள் என்றார். உன் அம்மா, இங்கே நான் எப்படி வந்தேன் என்று கேட்பாள் என்கிறாள். உன் அக்கா, யார் பேரையாவது சொல்லிக் கூப்பிடுவாள் என்கிறாள். மூன்றும் எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டறையில் கம்பி சுற்றும்போதும் இதே யோசனைதான், ஒரு நாள் சுற்றின் எண்ணிக்கை தப்பி எல்லாவற்றையும் உருவிவிட்டுத் திரும்பச் சுற்றினேன். முடிவு என்ன என்பதைக் கண்டுபிடிக்க முடிந்த எனக்கு அந்த முதல் வார்த்தை மட்டும் பிடிபடவில்லை. நீ சொல்லாதே. சொன்னால் கோபம் வரும்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், உன்னை அந்தக் காட்சியில் வைத்திருக்கிறார்களா, தூக்கிவிட்டார்களா. வைத்திருந்தால் போன் செய்து வேறு எதையாவது பேசு, மழை வெயில் பற்றிப் பேசு, நான் புரிந்துகொள்வேன், ஒருவரிடமும் சொல்ல மாட்டேன். தூக்கிவிட்டிருந்தால் திட்டுவதற்காவது போன் செய். நான் முதலில் பேச மாட்டேன், எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். நீ முதலில் எதைச் சொன்னாலும் சரி, கேட்டுக்கொள்கிறேன்.

ஈரக் காலோடு படுக்காதே, இது உன் அம்மா எழுதச் சொன்னது. பேசும்போது வார்த்தையின் பின்பாதியை விழுங்குவாய், அந்தப் பழக்கத்தை மட்டும் விடு, சலூன் டிவியில் ஸ்பீக்கர் சுமார்தான், இது நான் எழுதுவது. உடம்பு நோகாமல், நினைத்தது கைகூடி, நாலு பேர் மெச்ச நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
தப்பு என்று ஊருக்கு மட்டும் சொன்ன
உன் அப்பா